பல்கலைக்கழக உணவு ஆராய்ச்சி தேக்கா சந்தைக்கு வந்து சேருமா?

கேள்வி: ஈசூன் வாசகர் ஒருவர், 2025 நவம்பர் 8

"2030க்குள் சிங்கப்பூருக்கு வேண்டிய உணவில் 30 விழுக்காட்டை இங்கேயே விளைவிப்போம் என்றார்கள். இப்போது அந்த இலக்கையே எடுத்துவிட்டார்கள். பல்கலைக்கழகங்களோ உகந்த ஒளி, உகந்த வெப்பம், உகந்த கலவை என்று கட்டுரைகளை வெளியிட்டுக்கொண்டே இருக்கின்றன. தேக்காவில் ஒரு கட்டு முளைக்கீரையாவது மலிந்ததா? இவை எல்லாம் பட்டம் வாங்கச் செய்யும் வேலை. மறுக்க முடிந்தவர்கள் மறுக்கலாம்."

நவம்பர் 8, மாலை

பாதியை மறுக்கிறேன்.

இலக்கு காணாமல் போகவில்லை, பிரிக்கப்பட்டிருக்கிறது. 2019இல் அறிவித்த '30க்குள் 30' போய், 2035க்குள் நார்ச்சத்து உணவில் 20 விழுக்காடு, புரத உணவில் 30 விழுக்காடு என்று வந்திருக்கிறது. நார்ச்சத்து என்ற கணக்கில் காய்கறி, கீரை, முளைப்பயறு, காளான் வருகின்றன. புரதத்தில் முட்டையும் கடலுணவும். 2024ஆம் ஆண்டு நிலவரம்: முட்டையில் ஏறக்குறைய 34 விழுக்காடு உள்ளூர்ப் பண்ணைகளிலிருந்து வந்தது. கடலுணவில் 6. காய்கறியில் 3.

நாடு ஒன்று, நிலப்பஞ்சம் ஒன்று. முட்டையில் முடிந்தது கீரையில் ஏன் முடியவில்லை? ஆராய்ச்சி உதவாக்கரை என்று சொல்வதற்கு முன் இதற்கு விடை வேண்டும்.

நான் உட்லண்ட்ஸில் இட்லி, தோசை மாவு தயாரிக்கும் தொழிற்கூடம் ஒன்றில் உற்பத்தியையும் தரத்தையும் பார்த்துக்கொள்கிறேன். ஆய்வுக் கட்டுரைகளைப் படிப்பது என் வேலையின் ஒரு பகுதி. என் அனுபவத்தில், ஒரு கட்டுரை பயன்படுமா பயன்படாதா என்பது அதன் கணிதத்தில் முடிவாவதில்லை. எதைக் கூட்டுவது, எதைக் குறைப்பது என்று முதல் பக்கத்திலேயே எடுத்த முடிவில் முடிவாகிறது. கீரையை எடையால் அளந்தால் ஒரு விடை. கிலோவுக்கான மின்செலவால் அளந்தால் வேறு விடை. இரண்டுக்கும் 'உகந்தது' என்ற பெயரையே வைப்பார்கள்.

நவம்பர் 8, இரவு

கணக்கைப் போட்டே காட்டுகிறேன்.

அறைக்குள் அடுக்கடுக்காக வளர்க்கும் சாலட் கீரைக்கு ஒரு சதுர மீட்டருக்கு நாளொன்றுக்கு 14 மோல் (ஒளித்துகள்களை எண்ணும் அலகு) அளவு ஒளி கொடுக்கிறோம் என்று வைத்துக்கொள்வோம். இது வழக்கமான அளவுதான். நல்ல எல்இடி விளக்கு ஒரு ஜூல் மின்சாரத்துக்கு ஏறக்குறைய 3 மைக்ரோமோல் ஒளி தரும். வகுத்தால் 47 லட்சம் ஜூல், அதாவது 1.3 யூனிட் மின்சாரம். 35 நாள் வளர்த்தால் 45 யூனிட். சதுர மீட்டருக்கு 25 செடி, செடிக்கு 150 கிராம் என்றால் மகசூல் 3.75 கிலோ. ஆக, கிலோவுக்கு 12 யூனிட். யூனிட்டுக்கு 25 காசு என்று போட்டால் மூன்று வெள்ளி. இது விளக்குக்கு மட்டும். விளக்கு எரித்த மின்சாரம் பெரும்பாலும் வெப்பமாகவே முடிகிறது. நம் ஊர் மதிய வெயிலில் அந்த வெப்பத்தை வெளியே தள்ளக் குளிரூட்டி ஓட வேண்டும். விதை, உரம், வாடகை, ஆள் எல்லாம் இதற்கு மேல்.

இப்போது ஒரு கட்டுரை வந்து, சிவப்பு ஒளியையும் நீல ஒளியையும் இந்த விகிதத்தில் கலந்தால் அதே மின்சாரத்தில் மகசூல் 10 விழுக்காடு கூடுகிறது என்கிறது என்று வையுங்கள். உண்மையான முன்னேற்றம், உழைத்துக் கண்டது. ஆனால் அந்த மூன்று வெள்ளியில் 27 காசுதான் இறங்கும். மலேசியாவிலிருந்து இரவோடு இரவாகப் பாலம் கடந்து வரும் கீரையுடன் போட்டியிட அது போதவில்லை.

முட்டையின் கதையும் இதிலேயே இருக்கிறது. நம் கோழிகள் தின்னும் சோளமும் சோயாவும் கப்பலில் வருகின்றன. வேறு நாட்டில் இலவசமாக விழுந்த வெயில், தீவனமாக இங்கே வந்து முட்டையாகிறது. கீரைக்கு வெயிலை மூட்டைகட்டி இறக்குமதி செய்ய வழியில்லை. அதை இங்கே மின்சாரத்தால் செய்ய வேண்டியிருக்கிறது. கீரைப் பண்ணைக்காரர்கள் சோம்பேறிகள் என்ற தொனியில் இன்று மாலை ஒருவர் எழுதியிருந்தார். இந்தக் கணக்கைப் பார்த்துவிட்டு அவர் திரும்ப எழுதட்டும்.

நவம்பர் 9

"வெயில்தான் ஆண்டு முழுக்க அடிக்கிறதே, விளக்கு எதற்கு?" என்று பொங்கோல் அம்மா ஒருவர் கேட்டிருக்கிறார். சரியான கேள்வி. லிம் சூ காங்கில் 2012இல் தொடங்கிய ஸ்கை கிரீன்ஸ் அதைத்தான் செய்து பார்த்தது. ஒன்பது மீட்டர் உயரச் சட்டங்களில் தட்டுகள் மெதுவாகச் சுற்றிவரும். சுற்றுவதற்குத் தண்ணீரின் எடையே உந்துவிசை, மின்சாரம் மிகக் கொஞ்சம். மேலே வரும் தட்டு வெயில் வாங்கிக்கொள்ளும், கீழே போகும் தட்டு நீர் வாங்கிக்கொள்ளும். பொறியியல் என்றால் இதுதான் என்று நான் இன்றும் சொல்வேன்.

ஆனால் கண்ணாடிக் கூடத்துக்குள் வெயிலோடு வெக்கையும் வரும். சாலட் கீரை வெக்கையில் பூவெடுத்துக் கசந்துவிடும். அதனால்தான் வெயிலில் வளர்ப்பவர்கள் சாவி (கடுகுக் கீரை வகை), கங்கோங், கைலான், முளைக்கீரை பக்கம் நிற்கிறார்கள். விளக்கில் வளர்ப்பவர்கள் விலை கூடிய சாலட் பக்கம் போகிறார்கள். ஈசூன்காரரே, உங்கள் முளைக்கீரைக் கட்டு விளக்கடியில் வளரப்போவதில்லை. அதை எதிர்பார்த்து ஆராய்ச்சியைத் திட்டாதீர்கள்.

நவம்பர் 9, பின்னிரவு

ஒன்று விட்டுப்போயிற்று. சிங்கப்பூரின் மொத்த விற்பனை மின்சந்தையில் விலை அரைமணிக்கு ஒருமுறை மாறுகிறது. செடிக்கு ஒரு நாளில் இவ்வளவு ஒளி வேண்டும். அதை எந்த மணியில் தருவது என்பதில் நமக்கு ஓரளவு சுதந்திரம் உண்டு. இருள் நேரமும் செடிக்கு வேண்டும் என்ற வரம்புக்குள் நின்று மலிவான அரைமணிகளைப் பொறுக்கி விளக்கேற்றுவது உகப்பாக்கம் (வரம்புகளுக்குள் நின்று மிகச் சிறந்ததைத் தேடும் கணிதம்) படித்தவர்களுக்கென்றே அமைந்த கணக்கு. விளைச்சல் ஒரு கிராமும் கூடப்போவதில்லை, ஆனால் கட்டணம் குறையும். இப்படிப்பட்ட வேலைகளைப் பல்கலைக்கழகங்கள் இன்னும் நிறையச் செய்ய வேண்டும். வேளாண் துறை மாணவரும் மின்பொறியியல் மாணவரும் ஒரே மேசையில் உட்கார்ந்தால்தான் இது நடக்கும்.

நவம்பர் 11

இலை உணரி (சென்சர்) பற்றிக் கேட்டவருக்கு.

அமெரிக்காவின் எம்ஐடி தொழில்நுட்பக் கழகமும் சிங்கப்பூரும் சேர்ந்து நடத்தும் ஸ்மார்ட் ஆய்வு நிலையத்தில் துல்லிய வேளாண்மைக்கென்று ஒரு குழு இருக்கிறது. கார்பன் நானோகுழாய்களாலான உணரிகளை இலைக்குள் செலுத்தி, செடி துன்பப்படும்போது அதற்குள் எழும் இரு பொருள்களை அளந்தார்கள்: ஹைட்ரஜன் பெராக்சைடு, சாலிசிலிக் அமிலம். 2024இல் வெளியான அந்த ஆய்வில் பாக் சோய் கீரைக்கு நான்கு விதத் தொல்லை கொடுத்தார்கள்: கடும் ஒளி, வெப்பம், கிருமி, காயம். ஒவ்வொரு தொல்லைக்கும் இந்த இரு பொருள்களும் எழுந்து அடங்கும் கால ஒழுங்கு வேறுவேறாக இருந்தது. இலை வாடுவதற்கு முன்பே, செடிக்கு என்ன நேர்ந்தது என்று பிரித்துச் சொல்ல முடிகிறது.

இது ஏன் எனக்குப் பிடித்திருக்கிறது என்றால், இங்கே யாரும் மகசூலை ஏற்ற முயலவில்லை. இழப்பைக் குறைக்கப் பார்க்கிறார்கள். அடுக்குப் பண்ணையில் ஒரு தட்டில் நோய் வந்தால் அந்தத் தட்டுக்காக ஏற்கெனவே எரித்த மின்சாரம் முழுவதும் குப்பைக்குப் போகிறது. மேலே போட்ட கணக்கைத் திரும்பப் பாருங்கள். 30ஆம் நாளில் தூக்கியெறியும் கீரை, 5ஆம் நாளில் எறியும் கீரையைவிட ஆறு மடங்கு மின்சாரத்தைக் குடித்திருக்கிறது. முன்கூட்டியே தெரிவதன் மதிப்பு அங்கே இருக்கிறது.

நவம்பர் 12

"உங்கள் தொழிற்கூடத்தில் எந்தக் கட்டுரையாவது உதவியதா, அதைச் சொல்லுங்கள்" என்று மூன்று பேர் கேட்டுவிட்டீர்கள். சொல்கிறேன்.

மாவு புளிப்பதில் இரண்டு வேலைகள் நடக்கின்றன. லியூகோனோஸ்டாக் வகை நுண்ணுயிர் வாயுவை உண்டாக்குகிறது, கூடவே அமிலத்தையும். உளுந்தின் வழுவழுப்பு அந்த வாயுவை வெளியே விடாமல் பிடித்துவைக்கிறது. வீட்டில் இவ்வளவு போதும். நம் ஊரில் 28, 30 டிகிரி செல்சியஸ் ஆண்டு முழுவதும் இருப்பதால் இரவு கரைத்தால் காலையில் பொங்கியிருக்கும்.

தொழிற்கூடத்தில் இதோடு மூன்றாவது வேலை ஒன்று இருக்கிறது. மாவு பாக்கெட்டில் அடைபட்டு, குளிர்லாரியில் போய், பேரங்காடியின் குளிர்பெட்டியில் பல நாள் உட்கார்ந்திருக்க வேண்டும். லியூகோனோஸ்டாக் குளிரிலும் அடங்காது, மெதுவாக வாயு விட்டுக்கொண்டே இருக்கும். பாக்கெட் உப்பும். உப்பிய பாக்கெட்டை யாரும் எடுக்க மாட்டார்கள். கடைக்காரர் திருப்பி அனுப்புவார்.

சில ஆண்டுகளுக்கு முன்பு ஒரு மாணவர் பயிற்சிக்கு வந்தார். கெட்டிக்காரர். உளுந்தின் விகிதம், புளிக்கும் வெப்பநிலை, புளிக்கும் நேரம் ஆகிய மூன்றையும் மாற்றி மாற்றிச் சோதனை செய்தார். அளந்தது மாவு எவ்வளவு பொங்கியது என்பதை. அழகான வளைபரப்பு ஒன்றை வரைந்து, அதன் உச்சியைக் காட்டினார். அந்த உச்சியில் தயாரித்த மாவில் இட்லி பஞ்சாக வந்தது. முதலாளி மகிழ்ந்து உற்பத்தியை அப்படியே மாற்றச் சொன்னார். ஒரு வாரத்துக்குள் பாக்கெட்டுகள் உப்பித் திரும்பின. மிக நன்றாகப் பொங்கும் மாவுதானே மிக நன்றாக உப்பும்.

அந்த மாணவரின் கணிதத்தில் ஓர் ஓட்டை இல்லை. மாவு பொங்க வேண்டிய இடம் எங்கள் பானை அல்ல, வாங்கியவர் வீட்டு இட்லித் தட்டு. அதை யாரும் அவரிடம் சொல்லவில்லை. பிறகு அதே முறையை வைத்துக்கொண்டு அளவையை மாற்றினோம். குளிர்பெட்டியில் ஐந்தாம் நாள் பாக்கெட்டின் தடிமன் குறைவாக இருக்க வேண்டும், அதே நாளில் வேகவைத்த இட்லி மென்மையாக இருக்க வேண்டும். உச்சி வேறெங்கோ நகர்ந்தது. புளிக்கும் நேரம் குறைந்தது. அரைக்கும்போது ஐஸ் தண்ணீர் சேர்ப்பது கட்டாயமானது. பெரிய கிரைண்டரில் கல் உரசி மாவு சூடாகிவிடும், அந்தச் சூடே புளிப்பைத் தட்டி எழுப்பிவிடும். இன்று வரை அந்த முறையில்தான் ஓடுகிறது.

ஆகவே ஈசூன்காரரே, ஆராய்ச்சி சந்தைக்கு வந்திருக்கிறது. நீங்கள் வாங்கும் மாவுப் பாக்கெட் தட்டையாக இருப்பது அதனால்தான்.

நவம்பர் 13

நேற்றைய குறிப்பில் அந்தச் சோதனை முறையை வேகமாகத் தாண்டிவிட்டேன். மாணவர்கள் சிலர் படிக்கிறார்கள் போலிருக்கிறது, கொஞ்சம் நின்று சொல்கிறேன்.

மூன்று காரணிகள், ஒவ்வொன்றுக்கும் மூன்று நிலை என்றால் எல்லாச் சேர்க்கைகளையும் செய்துபார்க்க 27 சோதனை வேண்டும். புள்ளியியலாளர்கள் பாக்ஸும் பென்கெனும் 1960இல் தந்த வடிவமைப்பில் 12 சோதனைகளும், நடுப்புள்ளியை மூன்று முறை செய்வதும் சேர்த்து 15இல் முடித்துவிடலாம். உணவு அறிவியல் கட்டுரைகளில் பெரும்பங்கு இதில்தான் ஓடுகிறது. காய்ந்த முருங்கை இலை, மாம்பழத் தோலிலிருந்து எடுக்கும் சாறு, அப்பளம், எதுவானாலும்.

கவனிக்க வேண்டியவை இரண்டு. அந்த 12 சோதனைகளில் மூலைகள் இல்லை. அதிக வெப்பம், அதிக நேரம், அதிக உளுந்து மூன்றும் ஒன்றாகச் சேரும் புள்ளியைச் சோதிப்பதே இல்லை. ஆய்வகத்துக்கு அது சிக்கனம். தொழிற்கூடத்தில் விபத்து நடப்பதெல்லாம் மூலைகளில்தான். சனிக்கிழமை மாலை குளிரூட்டி நின்றுபோய், லாரி தாமதமாகி, புதிய ஊழியர் உளுந்தைக் கூடப் போட்டிருப்பார். மூன்றும் ஒரே நாளில் நடக்கும். அந்த மூலையைத் தனியாகச் செய்துபார்க்காமல் எந்த எண்ணையும் நான் உற்பத்திக்கு விடுவதில்லை.

இன்னொன்று ஆர்-ஸ்கொயர், சமன்பாடு சோதனைப் புள்ளிகளோடு எவ்வளவு ஒத்துப்போகிறது என்று 0 முதல் 1 வரை சொல்லும் எண். 0.98, 0.99 என்று கட்டுரையில் பெருமையாகப் போட்டிருப்பார்கள். மூன்று காரணிகளுக்கான இருபடிச் சமன்பாட்டில் 10 கெழுக்கள் உண்டு. 15 புள்ளிகளுக்கு 10 கெழுக்களைப் பொருத்தினால் கோடு ஏறக்குறைய எல்லாப் புள்ளிகளையும் ஒட்டிக்கொண்டுதான் போகும். அதனால் அந்த எண்ணை நான் பார்ப்பதில்லை. சமன்பாடு சொன்ன உச்சியில் புதிதாக மாவு கரைத்துப் பார்த்தார்களா, எத்தனை முறை, எவ்வளவு விலகியது? இந்த மூன்று விடைகளும் இல்லாத கட்டுரையை மூடிவைத்துவிடுகிறேன். கடுமையாகத் தோன்றலாம். ஆனால் எங்களுக்கு அந்த எண்ணை நம்பினால் ஒரு நாள் உற்பத்தி போகும்.

நவம்பர் 15

ஓநாய்க் கூட்டம் வேட்டையாடும் முறையைப் பின்பற்றிக் கறிவேப்பிலை உலர்த்தும் வெப்பநிலையைக் கண்டுபிடித்ததாக ஒரு கட்டுரையை ஒருவர் அனுப்பி, "இது புரட்சி அல்லவா?" என்கிறார்.

இல்லை. உகந்த விடையைத் தேடும் கணினி முறைகளுக்கு எறும்பு, பறவைக்கூட்டம், ஓநாய், திமிங்கிலம் என்று பெயர்கள் வரிசையாக வந்துவிட்டன. 1990களில் எறும்பும் பறவையும் வந்தபோது உள்ளே உண்மையான கருத்து இருந்தது. பின்னால் வந்தவற்றில் பலவும் பழைய கணக்குக்குப் புதிய மிருகத்தின் பெயர். கென்னத் சோரன்சன் என்ற ஆய்வாளர் இந்தப் போக்கைக் கடுமையாகக் கண்டித்து எழுதியிருக்கிறார், முழு மனதோடு ஏற்கிறேன். எல்லாச் சிக்கல்களுக்கும் சேர்த்துச் சராசரி பார்த்தால் எந்தத் தேடல் முறையும் மற்றொன்றைவிட மேலானதல்ல என்று ஆய்வாளர்கள் வோல்பர்ட்டும் மெக்ரீடியும் 1997இலேயே நிறுவிவிட்டார்கள். முறை சிக்கலுக்குப் பொருந்த வேண்டும்.

கறிவேப்பிலைக்கு வெப்பம், காற்றின் வேகம், அடுக்கின் தடிமன் என்று மூன்று காரணிகள். இருபடிச் சமன்பாடு. வகைக்கெழுவைச் சுழியத்துக்குச் சமன்படுத்தினால் தொடக்கக் கல்லூரி மாணவர் ஒரு தாளில் உச்சியைக் கண்டுபிடித்துவிடுவார். அதற்கு ஓநாய் வேண்டாம். பேரங்காடிகளுக்குப் போகும் குளிர்லாரிகளை எந்த வழியில், எந்த வரிசையில் அனுப்புவது என்பது உண்மையிலேயே கடினமான கணக்கு. அந்த எறும்புகளை அங்கே அனுப்பினால் நான் வரவேற்பேன்.

நவம்பர் 16

இட்லி மாவில் நடந்த அதே கதை, உகப்பாக்கத்தின் தொடக்க நாள்களிலேயே நடந்திருக்கிறது. பொருளியலாளர் ஜார்ஜ் ஸ்டிக்லர் 1945இல் ஒரு கேள்வி எழுப்பினார்: உடலுக்குத் தேவையான சத்தெல்லாம் கிடைக்க வேண்டும், செலவு மிகக் குறைவாக இருக்க வேண்டும், எதைச் சாப்பிடுவது? 77 உணவுப்பொருள்கள். 1939ஆம் ஆண்டு விலையில் ஆண்டுக்கு 39.93 டாலர் என்று கையால் கணித்தார். கோதுமை மாவு, நீர் வற்றவைத்த பால், முட்டைக்கோஸ், பசலை, காய்ந்த பீன்ஸ். 1947இல் கணிதவியலாளர் ஜார்ஜ் டான்சிக்கின் புதிய சிம்ப்ளெக்ஸ் என்ற உகப்பாக்க முறையால் அதையே தீர்த்தபோது 39.69 வந்தது. ஒன்பது எழுத்தர்கள் மேசைக் கணக்குப் பொறிகளை வைத்து மொத்தம் 120 ஆள்நாள் உழைத்தார்கள். ஸ்டிக்லரின் கையூகம் 24 சென்ட்தான் தள்ளியிருந்தது!

பிறகு மருத்துவர் எடை குறைக்கச் சொன்னபோது டான்சிக் தமக்கே இந்த முறையைப் போட்டுப்பார்த்தார். வயிறு நிறைந்த உணர்வு மிக அதிகமாக இருக்க வேண்டும் என்பது இலக்கு. நீரைக் கழித்த எடையை அதற்கு அளவாக வைத்தார். கணினி தந்த பட்டியலில் 500 காலன் வினிகர் இருந்தது. தரவில் வினிகரின் நீர் அளவு சுழியம் என்று இருந்ததால் வந்த வினை. வினிகரை நீக்கினார். அடுத்து நாளொன்றுக்கு 200 சூப்புக் கட்டிகளைத் தின்னச் சொன்னது, உப்புக்கு மேல்வரம்பு வைக்காததால். ஒவ்வொரு வரம்பையும் அது இல்லாதபோது பட்டுத்தான் எழுத வேண்டியிருக்கிறது. டான்சிக்குக்கே அப்படி என்றால் பயிற்சிக்கு வந்த மாணவருக்கு நாங்கள் உப்பும் பாக்கெட்டைப் பற்றி முதல் நாளே சொல்லியிருக்க வேண்டாமா? உணவுத் தொழிலில் இருப்பவர்கள் இதைக் காதில் போட்டுக்கொள்ளுங்கள். வரம்புகள் நம்மிடம்தான் இருக்கின்றன.

நவம்பர் 19

சோயாச் சக்கை.

சோயாப் பாலும் தவ்வும் (டோஃபு) செய்தபின் மிஞ்சும் சக்கை, சிங்கப்பூரில் ஆண்டுக்கு ஏறத்தாழ 10,000 டன். புரதமும் நார்ச்சத்தும் நிறைந்தது. உலர்த்தி மாவாக்கி விற்க வேண்டியதுதானே என்று ஜூரோங் நண்பர் எழுதுகிறார். கணக்குப் போடுவோம். ஒரு டன் சக்கையில் 80 விழுக்காடு நீர் என்று வைத்தால் திடப்பொருள் 200 கிலோ. 10 விழுக்காடு ஈரம் மிஞ்சும்வரை உலர்த்த 778 கிலோ நீரை ஆவியாக்க வேண்டும். ஒரு கிலோ நீருக்கு 0.63 யூனிட். மொத்தம் ஏறக்குறைய 490 யூனிட், அதுவும் வெப்பம் சிறிதும் வீணாகாத கற்பனை உலர்த்தியில். மறுபடியும் அதே மின்கட்டணச் சுவர்.

அதனால்தான் சிங்கப்பூர் தேசியப் பல்கலைக்கழகத்தின் உணவு அறிவியலாளர்கள் எடுத்த பாதை என்னைக் கவர்கிறது. சக்கையை ஈரமாகவே எடுத்து, நொதிகளாலும் ஈஸ்ட்டாலும் நல்ல பாக்டீரியாவாலும் புளிக்கவைத்து ஒரு பானம் செய்தார்கள். அறை வெப்பநிலையில் ஆறு வாரம் வரை அதில் நல்ல பாக்டீரியா உயிரோடு இருக்கிறது. உலர்த்தும் செலவும் இல்லை, குளிர்பெட்டிச் செலவும் இல்லை. அவர்களே தவ்வு பிழிந்த நீரைப் புளிக்கவைத்து மதுவும் செய்திருக்கிறார்கள். நன்யாங் தொழில்நுட்பப் பல்கலைக்கழகமோ டுரியான் தோலின் செல்லுலோஸிலிருந்து காயத்துக்குக் கட்டும் ஜெல் துணி செய்தது, 2021இல். இங்கே 2023இல் மட்டும் உணவுக் கழிவு 755,000 டன். அதில் மறுசுழற்சிக்குப் போனது 18 விழுக்காடு. நிலம் இல்லாத நாட்டுக்கு இது ஒரு வயல்.

எங்கள் தொழிற்கூடத்துக்கும் இப்படி ஒன்று வேண்டும். அரிசியும் உளுந்தும் ஊறிய தண்ணீரில் அவ்வளவு மாவுச்சத்து கரைந்து போகிறது. அப்படியே சாக்கடையில் விட முடியாது. பொதுப் பயனீட்டுக் கழகத்தின் விதிப்படி கழிவுநீரின் உயிர்வேதி ஆக்சிஜன் தேவை (அதிலுள்ள கழிவைச் சிதைக்க நுண்ணுயிருக்கு வேண்டிய ஆக்சிஜன்) லிட்டருக்கு 400 மில்லிகிராம் என்பது வரம்பு. சுத்திகரிக்கச் செலவழிக்கிறோம். அந்தத் தண்ணீரில் எதையாவது வளர்க்க முடியுமா என்று யாராவது பார்க்க வந்தால் கதவு திறந்திருக்கும்.

நவம்பர் 22

இதையும் சொல்லிவிடுகிறேன். என் மாமியாருக்குப் பக்கவாதத்துக்குப் பிறகு விழுங்குவது கடினமாகிவிட்டது. எல்லாவற்றையும் கூழாக அரைத்துக் கொடுத்தோம். ருசி இருந்தது, சத்து இருந்தது. தட்டைப் பார்த்தவுடனே முகத்தைத் திருப்பிக்கொள்வார். கேரட்டும் கீரையும் பட்டாணியும் ஒரே குழம்பு நிறத்தில் ஒரே வடிவத்தில் இருந்தால் யாருக்குத்தான் கை போகும்?

2021இல் சிங்கப்பூர் தொழில்நுட்ப, வடிவமைப்புப் பல்கலைக்கழகமும் நன்யாங்கும் கூ டெக் புவாட் மருத்துவமனையும் சேர்ந்து, இப்படிப்பட்டவர்களுக்காகக் காய்கறியை முப்பரிமாண அச்சில் வார்க்கும் ஆய்வை வெளியிட்டன. பட்டாணிக்கு எந்தக் கெட்டிப்பொருளும் வேண்டியதில்லை. கேரட்டுக்கு ஒன்று வேண்டும். பாக் சோய்க்கு இரண்டு வேண்டும். குழாயில் வழிய வேண்டும், விழுந்ததும் நிற்க வேண்டும், தொண்டையில் நீர் பிரியக் கூடாது. இவ்வளவையும் வைத்துக்கொண்டு கெட்டிப்பொருளை மிகக் குறைவாகப் போட வேண்டும், இல்லையென்றால் காயின் ருசி போய்விடும். இந்த ஆய்வில் நோயாளியின் தட்டிலிருந்து தொடங்கியிருக்கிறார்கள். கீரைக் கட்டு மலிந்ததா என்பது மட்டுமே அளவுகோல் என்றால் இதைத் தூக்கி எறிய வேண்டியிருக்கும். நான் எறிய மாட்டேன்.

நவம்பர் 23

"உள்ளூர் விளைச்சலே வேண்டாம், வாங்கிக்கொள்ளலாம்" என்பவர்களுக்கு. 2022 ஜூன் 1 அன்று மலேசியா கோழி ஏற்றுமதியை நிறுத்தியது. நம் கோழியில் மூன்றில் ஒரு பங்கு அங்கிருந்துதான் வந்துகொண்டிருந்தது. 2023 ஜூலையில் இந்தியா பாஸ்மதி அல்லாத வெள்ளை அரிசியை நிறுத்தியது. சிராங்கூன் சாலைக் கடைகளில் பொன்னிக்கு அலைந்தது பலருக்கு நினைவிருக்கும். இட்லி அரிசி புழுங்கல் என்பதால் தடைக்குள் வரவில்லை. ஆனால் ஆகஸ்ட் கடைசியில் புழுங்கலுக்கும் 20 விழுக்காடு ஏற்றுமதி வரி விழுந்தது, அதை எங்கள் கொள்முதல் கணக்கில் பார்த்தோம். இறக்குமதியாளர்கள் மாத இறக்குமதியின் இரு மடங்கை எப்போதும் கையிருப்பில் வைத்திருக்க வேண்டும் என்ற நம் விதியின் அருமை அப்போதுதான் புரிந்தது.

மிக மலிவான ஒரே ஊரில் எல்லாவற்றையும் வாங்குவது விலையை மட்டும் பார்த்தால் உகந்தது. 170க்கும் மேற்பட்ட நாடுகள், வட்டாரங்களிலிருந்து வாங்குவது கொஞ்சம் விலை கூடியதுதான். அந்தக் கூடுதல் விலை தடைநாளுக்கு நாம் கட்டும் காப்பீடு. உள்ளூர்ப் பண்ணையையும் அந்தக் கணக்கில் சேர்த்துத்தான் மதிப்பிட வேண்டும். முதல் நாள் நான் போட்ட மூன்று வெள்ளி, சாதாரண நாளுக்கான கணக்கு.

நவம்பர் 29

முதுநிலை மாணவி ஒருவர் ஆய்வுத் தலைப்புக் கேட்டுத் தனியே எழுதியிருந்தார். மற்றவர்களுக்கும் பயன்படட்டும் என்று இங்கேயே பதில் தருகிறேன்.

அம்மா, மாவு புளிப்பதில் உகந்த வெப்பநிலை என்று இன்னொரு கட்டுரை வேண்டாம், நிறைய இருக்கின்றன. வெப்பநிலை நிலையாக இல்லாதபோது என்ன நடக்கிறது என்று பாருங்கள். மாவு எங்கள் குளிர் அறையில் 4 டிகிரி, ஏற்றும் இடத்தில் அரைமணி நேரம் 30 டிகிரி, லாரியில் 6, பேரங்காடிப் பின்கட்டில் எவ்வளவு நேரம் நின்றதோ அவ்வளவு நேரம் வெக்கை, பிறகு மீண்டும் 4. இந்த ஏற்ற இறக்கத்தைக் கொடுத்தால் பாக்கெட் எந்த நாளில் உப்பும் என்று சொல்லும் சமன்பாடு எனக்கு வேண்டும். அது இருந்தால் காலாவதித் தேதியை எல்லாப் பாக்கெட்டுக்கும் ஒன்றாக அச்சிடாமல், வழியைப் பார்த்து அச்சிடலாம். வீணாவது பாதி குறையாவிட்டாலும் கணிசமாகக் குறையும் என்று நம்புகிறேன்.

எங்கள் குளிர்லாரிப் பதிவுகளைத் தர முதலாளி ஒப்புக்கொண்டுவிட்டார். கடைப் பெயர்களை நீக்கித் தருவோம். உங்கள் பேராசிரியரிடம் பேசிவிட்டு வாருங்கள். முதல் வாரம் ஆய்வகத்துக்குப் போக வேண்டாம், அதிகாலை லாரியில் ஓட்டுநர் அண்ணனோடு போங்கள். கதவு எத்தனை முறை திறக்கிறது, எவ்வளவு நேரம் திறந்திருக்கிறது என்று எழுதிக்கொள்ளுங்கள். மூடியபின் பெட்டியின் நடுவில் இருக்கும் பாக்கெட்டையும் கதவோரத்தில் இருக்கும் பாக்கெட்டையும் தனித்தனியே அளக்க வேண்டும். வெப்பமானி எங்களிடம் இருக்கிறது.